தட்டச்சு அழிவின்மை விதி: ஆம்பூர் விசிட்டிங் கார்டுகளை முன்வைத்து ஒரு விசாரணை

ஆய்வுச் சுருக்கம்

காகிதத்தில் இருக்கும் அஞ்சல் முகவரியைத் தட்டச்சு செய்யாமலே கைபேசியின் தொடர்புப் பட்டியலில் ஏற்ற முடியுமா என்பதே இவ்வாய்வின் வினா. முடியும் என்கிறார்கள் கைபேசிக் கடைக்காரர்கள். முடியாது என்கிறார்கள் கணக்குப்பிள்ளைகள். இரு தரப்பும் பொய் சொல்லவில்லை. தட்டச்சு வேலையை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது. ஒருவர் விரலிலிருந்து இன்னொருவர் விரலுக்கு மாற்றிவிட மட்டுமே முடியும். இவ்விதி கீழே ஐயம் திரிபற நிறுவப்படுகிறது.

ஆய்வுக்களம் ராணிப்பேட்டையில் தொடங்கி மேல்விஷாரம், வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர் வழியாக வாணியம்பாடி வரை நீளும் தோல் வட்டாரம். ஒரு தோல் காலணியாக மாறுவதற்குள் பச்சைத்தோல் மண்டி, கெமிக்கல் கடை, டேனரி, ஷூ கம்பெனி என்று பல கை மாறுகிறது. கைக்கு ஒரு கார்டு. சென்னை நந்தம்பாக்கத்தில் நடக்கும் பன்னாட்டுத் தோல் கண்காட்சிக்குப் போய்த் திரும்புகிறவர்களின் சட்டைப்பை இவ்வாய்வுக்கு மூலச்சுவடி அறையாகப் பயன்பட்டது.

1. முன்னோர் சாதனைகள்

இத்துறையின் உச்சம் எப்போதோ எட்டப்பட்டுவிட்டது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியை நிறுவிய ஐடா ஸ்கடருக்கு, ‘டாக்டர் ஐடா, இந்தியா’ என்று மட்டும் எழுதிய கடிதம் வந்து சேர்ந்ததாகச் சொல்வார்கள். மூன்றே சொல். கதவெண் இல்லை, தெரு இல்லை, ஊரே இல்லை. பிறகு வந்த எல்லா ஏற்பாடுகளும் முகவரியை நீட்டியனவே தவிர, கடிதத்தை அதைவிட நன்றாகச் சேர்த்ததாகத் தெரியவில்லை.

1972 ஆகஸ்ட் 15 அன்று ஆறு இலக்கப் பின்கோடு வந்தது. இதற்குக் காரணகர்த்தர் மத்திய அரசு அதிகாரி ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர். ஒரே பெயரில் பல ஊர்கள், ஆளுக்கொரு மொழி, ஆளுக்கொரு கையெழுத்து என்ற குழப்பத்துக்கு அவர் கண்ட மருந்து அது. அமெரிக்காவிலும் அஞ்சல் எண்ணே வழிகாட்டியது. பஃபலோ நகர அஞ்சலகத்தைக் கடந்துபோன உறைகளில் கையால் எழுதியிருந்த குறியீடுகளை 9,298 தனி இலக்கங்களாக நறுக்கி, யான் லெகூன் குழுவினர் 1989இல் கணினிக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். இன்று நம் கைபேசிக் கேமரா எழுத்துக்கூட்டிப் படிப்பது அந்த வம்சாவளிக் கல்விதான். ஆனால் அந்தப் பாடத்திட்டத்தில் இருந்தவை சைபர் முதல் ஒன்பது வரை மட்டும். ‘பெரிய மசூதிக்குப் பின்புறம், மாடியில்’ என்பது தேர்வுக்கு வரவில்லை.

2. கார்டின் உடற்கூறு

இவ்வட்டாரக் கார்டு ஒன்றைக் கையில் எடுத்துப் பார்ப்போம். தடித்த அட்டை. நிறுவனத்தின் பெயர் தங்க ஜரிகை எழுத்தில், கொஞ்சம் புடைத்து. கீழே மூன்று பத்திகள்: ஆபீஸ் சென்னைப் பெரியமேடு, டேனரி பேரணாம்பட்டு, வீடு ஆம்பூர். இன்னமும் ஒரு ஃபேக்ஸ் எண். கைபேசி எண்ணைப் பால்பாயின்ட் பேனாவால் அடித்துவிட்டு, ஓரத்தில் புது எண் சாய்வாக எழுதப்பட்டிருக்கிறது.

கேமரா இதை நோக்கியதும் தங்க எழுத்து பளிச்சென்று மின்னி, நிறுவனத்தின் பெயர் காணாமல் போகிறது. ஃபேக்ஸ் எண் கைபேசி எண்ணாகப் பதவி உயர்வு பெறுகிறது. அடித்த எண் பட்டியலில் ஏறுகிறது. சாய்வாக எழுதிய எண் அழுக்கு என்று ஒதுக்கப்படுகிறது. மூன்று முகவரிகளும் ஒன்றாகக் கலந்து, பெரியமேட்டுத் தெருவும் பேரணாம்பட்டு ஊரும் ஆம்பூர்ப் பின்கோடும் கொண்ட ஓர் இடம் உருவாகிறது. நிலவுலகில் அங்கே யாரும் குடியிருக்க இயலாது.

பழி முழுவதையும் கேமராவின் மேல் போடுவது முறையன்று. தொடர்புப் பட்டியல்கள் பின்பற்றும் ‘வி-கார்டு’ என்ற வடிவத்தைச் சில பெரிய நிறுவனங்கள் கூடி 1990களின் நடுவில் வகுத்தன. அதில் முகவரிக்கு ஏழு அறைகள்: அஞ்சல் பெட்டி, கூடுதல் முகவரி, தெரு, ஊர், மாநிலம், அஞ்சல் குறியீடு, நாடு. நம்முடையதோ பழைய எண், புதிய எண், தெரு, குறுக்குத்தெரு, பேட்டை, அஞ்சல், வட்டம், மாவட்டம், இவற்றுக்கெல்லாம் மேல் ‘எதிரில்’. ஏழு அறை வீட்டுக்குள் கூட்டுக்குடும்பம் நுழைகிறது. வட்டம் தெருவில் நிற்கிறது. மாவட்டத்துக்கு இடமே இல்லை.

3. மாவட்டச் சிக்கல்

மாவட்டத்துக்கு இடம் கிடைத்திருந்தாலும் எந்த மாவட்டம் என்பது அடுத்த கேள்வி. 2019 ஆகஸ்ட் 15 அன்று வேலூர் மாவட்டம் மூன்றாகும் என்ற அறிவிப்பு வந்தது. அந்த நவம்பரிலேயே ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாயின. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூருக்குப் போயின. பேரணாம்பட்டு வேலூரிலேயே நின்றது. ஆனால் அச்சடித்த ஆயிரம் கார்டும் தீரும்வரை மாவட்டம் பிரிவதில்லை என்பது வணிகர் மரபு.

பின்கோடு இதில் யார் பக்கமும் சேரவில்லை. வேலூர் 632இல் தொடங்குகிறது. ஆம்பூர் 635802, வாணியம்பாடி 635751, பேரணாம்பட்டு 635810. ஓசூரும் கிருஷ்ணகிரியும்கூட 635தான். முதல் மூன்று எண்ணைப் பார்த்து மாவட்டத்தைத் தானே நிரப்பிக்கொள்ளும் மென்பொருள், பேரணாம்பட்டுக்காரரை எங்கே கொண்டுபோய் விடும் என்பது அதன் அன்றைய மனநிலையைப் பொறுத்தது. தவிர, சிவகங்கை மாவட்டத்தில் இன்னொரு திருப்பத்தூர் காத்துக்கொண்டிருக்கிறது.

எழுத்துக்கூட்டலையும் அரசு ஒருமுறை சீர்படுத்திப் பார்த்தது. 1,018 ஊர்ப் பெயர்களைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப ஆங்கிலத்தில் மாற்றும் ஆணை 2020 ஜூனில் வெளிவந்தது. வேலூருக்கு இரண்டு ‘ஈ’யும் இரண்டு ‘ஓ’வும் கிடைத்தன. சில நாள்களிலேயே ஆணை திரும்பப் பெறப்பட்டது. கார்டு அச்சகத்தாருக்கு வரவிருந்த பொற்காலம் அத்துடன் முடிந்தது.

4. மாற்று முறைகளின் மதிப்பீடு

குரல் முறை: முகவரிக்காரரைச் சொல்லச் சொல்லி, கைபேசியை எழுதவைப்பது. அவர் ‘பைபாஸ் ரோடுன்னு போடுங்க, அதுக்குக் கீழ ஆம்பூர்னு போடுங்க’ என்பார். கைபேசி ஒன்றையும் விடாது. ‘போடுங்க’ ஒரு நகராகவும் ‘அதுக்குக் கீழ’ அதன் விரிவாக்கப் பகுதியாகவும் பதிவாகும்.

கட்டக்குறி முறை: ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனம் கார் உதிரிபாகங்களை அடையாளம் காண 1994இல் உருவாக்கிய கியூஆர் குறியைக் கார்டின் மூலையில் அச்சிடுவது. காட்டினால் போதும், எழுத்துப் பிசகாமல் ஏறிவிடும். ஏனென்றால் அச்சகத்தில் டிடிபி தம்பி அதை முன்பே தட்டிவிட்டார். அவர் பிசகியிருந்தால் அந்தப் பிசகும் பிசகாமல் ஏறும்.

கட்ட முறை: அஞ்சல் துறை 2025இல் வெளியிட்ட டிஜிபின். நாடு முழுவதையும் ஏறத்தாழ நான்கு மீட்டருக்கு நான்கு மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பத்து எழுத்துக் குறி. தெருவும் வேண்டாம், மாவட்டமும் வேண்டாம். ஒரே இடர்ப்பாடு, ஒரு டேனரியில் சுண்ணாம்புத் தொட்டிக்கு ஒரு குறி, முதலாளி நாற்காலிக்கு இன்னொரு குறி. ஓர் எழுத்து மாறினால் கொட்டேஷன் தொட்டியில் ஊறும்.

தம்பி முறை: ‘தம்பி, இதைக் கொஞ்சம் ஏத்திடுப்பா’ என்று கார்டுக்கட்டை ஆபீஸ் பையனிடம் தருவது. களத்தில் மிகக் குறைந்த பிழை இதில்தான். அவனுக்குப் பழைய எண்ணும் தெரியும், எந்த முதலாளி எந்தத் தெருவுக்கு வீடு மாற்றினார் என்பதும் தெரியும். ‘நான் எதையுமே டைப் பண்றதில்லீங்க, எல்லாம் ஆட்டோமேட்டிக்’ என்று முதலாளி சொல்வது அவரளவில் முழு உண்மை.

5. விதியும் மெய்ப்பும்

ஆக, எந்த முறையிலும் எங்கோ ஒருவர் தட்டியிருக்கிறார். அல்லது பிறகு உட்கார்ந்து திருத்தித் தட்டுகிறார். விதி நிறுவப்பட்டது. எஞ்சிய வினா, இத்தனை பாடுபட்டு ஏற்றிய முகவரி என்ன பயன் தருகிறது என்பது. ஒட்டுச்சீட்டில் எல்லா அறைகளும் நிரம்பிய ஒரு பார்சலை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டோம். வாசலுக்குக் கொஞ்ச தூரத்திலிருந்து தொலைபேசி அழைத்தது.

‘சார், கூரியர். எங்க இருக்கீங்க?’

‘அட்ரஸ் அதுலயே இருக்குமே தம்பி.’

‘இருக்கு சார். நீங்க எங்க இருக்கீங்க?’

முகவரி என்பது கைபேசி எண்ணைச் சுமந்து செல்லும் ஊர்தி என்ற முடிவுக்கு வருவதைத் தவிர வேறு வழியில்லை.

6. பரிந்துரைகள்

வி-கார்டில் எட்டாவது அறையாக ‘எதிரில்’ என்பதையும், ஒன்பதாவதாக ‘யாரைக் கேட்டால் சொல்வார்கள்’ என்பதையும் சேர்க்க வேண்டும். மாவட்ட அறையில் பென்சிலால் எழுதும் வசதி வேண்டும்.

இவை வரும்வரை, தோல் வட்டாரம் தானே கண்டுபிடித்த முறையைத் தொடரலாம். அங்கே முகவரி அறைகள் எல்லாம் காலி. முகவரி முழுவதும் பெயர் அறையில் குடியிருக்கிறது. ‘ஆம்பூர் கெமிக்கல் பாய்’, ‘பேரணாம்பட்டு லைனிங் லெதர்’, ‘வாணியம்பாடி லோடு வண்டி அண்ணன்’. ஊரும் தொழிலும் மரியாதையும் ஒரே வரியில் அடங்கிவிட்டன. டாக்டர் ஐடாவுக்குக் கடிதம் எழுதியவரும் இதே நெறியைத்தான் கடைப்பிடித்தார். ‘ஆம்பூர் கெமிக்கல் பாய் 2’, ‘ஆம்பூர் கெமிக்கல் பாய் புது’ ஆகியோரைப் பிரித்தறிவது முனைவர் பட்ட ஆய்வுக்குரிய தலைப்பு. விண்ணப்பிப்பவருக்குத் தட்டச்சு தெரிந்திருக்க வேண்டும்.