வாய்க்குள் ஒரு வேலி

கூடுவாஞ்சேரிக்கு அப்பால் எனக்கு ஒரு மனை இருக்கிறது. வாங்கிப் பதினாறு வருடமாகியும் வேலி போடவில்லை. பக்கத்து மனைக்காரரின் சுவர் பொங்கலுக்குப் பொங்கல் நம் பக்கம் நடந்து வருகிறது என்பாள் மனைவி. "அடுத்த மாசம் போட்டுடலாம்" என்பேன் நான்.

இந்த லட்சணத்தில், கோகுலாஷ்டமிக்கு நானே உருட்டிப் பொரித்த சீடை என் கீழ்க் கடைவாய்ப் பல்லை இரண்டாகப் பிளந்தது. அந்த ஈட்டில் எண்ணெயில் வெடிக்காத ஒரே சீடை அதுதான்.

"பல்லை எடுத்துட்டு சும்மா விட்டா எலும்பு கரைஞ்சிடும் சார்" என்றார் டாக்டரம்மா. ஒரு வருடத்தில் அந்த இடத்தில் தாடையின் அகலம் ஏறத்தாழப் பாதி போய்விடுமாம். அதிலும் பெரும்பங்கு முதல் 3 மாதத்திலேயே. பிறகு இம்ப்ளான்ட் திருகை எங்கே நடுவது? குழிக்குப் பட்டாதாரர் எலும்புதான். ஆனால் அது வந்து சேர மாதக்கணக்கு ஆகும். அதற்குள் ஈறு சரசரவென்று இறங்கி இடத்தைப் பிடித்துவிடும். அதனால் குழியில் துகளை நிரப்பி, மேலே மெம்பரேன் என்று ஒரு மெல்லிய தடுப்பைப் பரப்பித் தைத்துவிட்டால், ஈறு வெளியே நிற்கும். எலும்பு நிதானமாகக் குடிவரும்.

மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

தடுப்பில் இரண்டு வகை. பன்றியிலிருந்தோ மாட்டிலிருந்தோ எடுத்த கொலாஜன் தானே கரைந்துவிடும். டெஃப்லான் கரையாது, பிறகு எடுக்க வேண்டும். வெங்காயம்கூடச் சேர்க்காத குடும்பம் எங்களுடையது, டெஃப்லானுக்குத் தலையாட்டினேன். துகளும் செயற்கைக் கால்சியம் பாஸ்பேட், பார்வைக்கு ரவை. "நான்-ஸ்டிக் தவாவுல உப்புமா" என்று மனைவி சுருக்கமாக முடித்துவிட்டாள்.

என் கௌரவத்தைக் காக்க விஞ்ஞானத்தைத் துணைக்கு அழைத்தேன். 1988-இல் ஸ்வீடனின் டாலின் குழுவினர் எலிகளின் தாடையில் இரு பக்கமும் ஓட்டை போட்டு, ஒரு பக்கத்தை மட்டும் இந்த டெஃப்லானால் மூடினார்கள். மூடிய பக்கம் 6 வாரத்தில் எலும்பு நிரம்பியது. மூடாத பக்கம் அநேகமாகக் காலியாகவே கிடந்தது.

"எலிக்கே வேலி போட்டிருக்காங்க" என்றாள்.

தையல் போட்டபின் துப்பக் கூடாது, ஸ்ட்ராவில் உறிஞ்சக் கூடாது, அந்தப் பக்கம் மெல்லக் கூடாது. தடுப்பை எடுக்க 4 வாரம். எலும்பு முற்ற இன்னும் சில மாதம். குழைந்த ரசஞ்சாதமே கதி என்றிருந்தபோது, கையில் முறுக்கு டப்பாவுடன் நலம் விசாரிக்க வந்தார் பக்கத்து மனைக்காரர். வாயைத் திறந்து காட்டினேன். செல்போன் டார்ச் அடித்து, ஈறுகளுக்கு நடுவே தெரிந்த வெள்ளைத் துண்டை எட்டிப் பார்த்தார்.

"பக்காவா இருக்கே சார்! யாருகிட்ட போட்டீங்க?"

முறுக்கு டப்பாவைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டே மனைவி சொன்னாள்: "கூடுவாஞ்சேரிக்கும் அவங்களையே கூப்பிடலாம்னு இருக்கோம்."