ரப்பரில் விளையும் பிரியம்

கிராம நிர்வாக அலுவலரின் ஊதா மை ஸ்டாம்பு விழாதவரையில் ஒருவன் பிறந்ததற்கும் இறந்ததற்கும் பிரமாணமே இல்லையென்று காலந்தள்ளும் நம் ஜனங்களிடம், அதே ரப்பரையும் அதே ஸ்டாம்ப் பேடையும் கொண்டு வாழ்த்தட்டை செய்து பிரியத்தையும் தெரிவிக்கலாம் என்று சொன்னால், அவர்கள் முதலில் விண்ணப்பத்துக்கு எங்கே போவது என்றுதான் விசாரிப்பார்கள்.

1843-இல் லண்டனில் ஹென்றி கோல் என்பவர், நண்பர்களுக்குத் தனித்தனியே கடிதமெழுத அவகாசமின்றிக் கிறிஸ்துமஸ் வாழ்த்தட்டையை அச்சிடுவித்தார். அந்தக் கைங்கரியத்தைப் பொங்கலுக்குச் செய்து, கரும்பையும் பானையையும் நடிகர்களையும் வீடுதோறும் சேர்ப்பித்த புண்ணியம் சிவகாசிக்கு உரியது. இப்போது கைவேலையே உயர்ந்ததென்ற ஞானோதயம் பிறந்திருப்பதால், சுண்ணாம்புக்குளத்துச் சிறுவனொருவன், பனிக்காலத்தில் பழவேற்காட்டு ஏரிக்கு வந்திறங்கும் பூநாரையை அழிப்பானில் செதுக்கி அட்டையில் ஒற்றுவானென்று வைத்துக்கொள்வோம். பறவை இடப்பக்கம் பார்த்தாலென்ன, வலப்பக்கம் பார்த்தாலென்ன, ஏரிக்கு நஷ்டமில்லை. ஆனால் எழுத்துகளை இடவலம் மாற்றிச் செதுக்க மறந்தால், பெறுகிற மாமா கண்ணாடி முன் நின்றுதான் தமக்குரிய வாழ்த்தை வாசிக்கவேண்டும்.

இத்தனை சிரமமும் வேண்டாமென்போருக்குப் பள்ளிக்கூடத்துப் பழைய உபாயம் இருக்கிறது: வெண்டைக்காயைக் காம்போரமாகக் குறுக்கே நறுக்கி மையில் தொட்டு ஒற்றினால், ஐந்து இதழ்ப் பூவொன்று லட்சணமாக விழும். இறக்குமதி ஸ்டாம்புகளுக்கு இல்லாத விசேஷம் இதற்குண்டு. மை படாத பாதியை அம்மா குழம்பில் போட்டுவிடுவாள்.