பட்சிராஜன் கட்சி

வேற்றுக்கிரகத்துக்குப் போய்த் திரும்பிய ஒருவரை முதலமைச்சர் ஆக்கிய தொகுதி எங்கள் அருப்புக்கோட்டை. பரங்கிமலைக்காரர்கள் சண்டைக்கு வரலாம். 1967-லும் 1971-லும் எம்.ஜி.ஆரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியவர்கள் அவர்கள்தான். ஆனால் 1977-ல் கோட்டைக்கே அனுப்பி வைத்தது நாங்கள். அதற்கு 14 வருஷம் முன்பு, 1963-ல் வந்த 'கலை அரசி' படத்தில் அவர் வேறு கிரகத்துக்குப் போயிருந்தார். அந்தக் கிரகத்தில் எல்லா விஞ்ஞானமும் இருக்கும், சங்கீதம் மட்டும் இருக்காது. அதற்காக இங்கே வந்து பானுமதியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். எம்.ஜி.ஆர். பின்னாலேயே போய் மீட்டு வருவார்.

"அதனாலதான் ஓட்டுக் கேட்டு நம்ம காட்டுப் பக்கம் வந்தப்போ அவரு மிரளல. வேத்துக் கிரகத்தைப் பாத்த மனுசனுக்கு இதெல்லாம் பழக்கம்" என்பார் பெரியப்பா. கரிசல் வெடிப்பும் சீமைக்கருவேலமுமாகக் கிடக்கும் எங்கள் பூமியைச் சித்திரை மாதம் மத்தியானம் பார்த்தவர்கள் இதை மறுக்க மாட்டார்கள்.

அறிவியல் படம் என்றால் பெரியப்பாவுக்கு 'கலை அரசி'தான் படிக்கல். எல்லாப் படத்தையும் அதில் வைத்துத்தான் நிறுப்பார். 1986-ல் கமல்ஹாசனின் 'விக்ரம்' வந்தபோது எனக்குப் பத்து வயது. சுஜாதா கதை, அக்னிபுத்ரா ஏவுகணை, கம்ப்யூட்டர் என்று ஊரே எதிர்பார்த்தது. பாதிப் படத்துக்கு மேல் ராக்கெட்டை விட்டுவிட்டு ராஜா, அரண்மனை, எலிக்கோயில் என்று எங்கோ போய்விட்டது. தியேட்டரை விட்டு வெளியே வந்ததும் பெரியப்பா சொன்னார்: "எலி பாக்கவா டிக்கெட் எடுத்தோம்? வீட்ல குதிருக்குள்ள கெடக்கே."

இந்த முன்கதையோடு 2018 நவம்பர் 29-க்கு வருவோம். '2.0' வெளியான நாள். 2010-ல் வந்த முதல் பாகம் 'எந்திரன்' எங்கள் பக்கம் ஏற்படுத்திய மயக்கம் இன்னும் தெளியாத நேரம் அது. 500 கோடிக்கு மேல் செலவு என்று பத்திரிகைகள் எழுதின. பாட்டு வெளியீடு துபாயில் நடந்தது. கிராபிக்ஸ் முடியவில்லை, முடியவில்லை என்று ஒரு வருஷம் தள்ளிப் போனது. ஆனால் தள்ளிப்போனதில் எங்களுக்கு வருத்தமே கிடையாது. மழையையே அப்படிப் பார்த்துப் பழகியவர்கள் நாங்கள். வரும் என்றால் வராது. வந்தால் பருத்தி வெடித்த பிறகு வரும்.

3டியில்தான் பார்க்க வேண்டும் என்று என் தம்பி மகன் பிடிவாதம் பிடித்தான். ரஜினி ரசிகன். கார்த்திகை மாதக் களையெடுப்பை ஒரு நாள் நிறுத்திவிட்டு, திருச்சுழியிலிருந்து வேன் பிடித்து மதுரைக்குப் போனோம். 14 பேர். அப்பத்தாவும் உண்டு. கண்புரை ஆபரேஷன் முடிந்து போட்ட கறுப்புக் கண்ணாடிக்கு மேலேயே 3டி கண்ணாடியையும் மாட்டிக்கொண்டது.

கண்ணாடிக்கு ஆளுக்கு ஐம்பது ரூபாய் டெபாசிட். பெரியப்பாவுக்குக் கிடைத்ததில் ஒரு பக்கம் கண்ணாடியே இல்லை. விரலை விட்டால் கண்ணைத் தொடலாம். அதை அவர் கவனிக்கவில்லை. படம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில், "ஏப்பா, ஆளு ரெண்டு ரெண்டாத் தெரியுதே" என்றார்.

"ரஜினி ரெட்டை வேசம் பெரியப்பா."

சமாதானமாகிவிட்டார். கடைசிக்கட்டத்தில் புறாக்கள் மேல் ஏறிக்கொண்டு குட்டி ரோபோக்கள் கூட்டம் கூட்டமாக வந்தபோதுதான் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு, "இதுக்கு மேல என்னால எண்ண முடியாது" என்றார்.

படத்தின் ஆரம்பத்தில் ஊரில் உள்ள செல்போன்கள் எல்லாம் கையிலிருந்து பிய்த்துக்கொண்டு வானத்துக்குப் பறக்கும். மதுரைக்காரர்கள் வாயைப் பிளந்தார்கள். எங்கள் வரிசையில் மட்டும் சிரிப்பு. எங்கள் ஊரில் சிக்னல் வேண்டுமென்றால் கண்மாய்க்கரை ஏறி, மடைக்குப் பக்கத்து வேப்பமரத்தடியில் வடக்கே பார்த்து நிற்க வேண்டும். மாமன் கத்தியே சொன்னார்: "பறந்தாவது டவர் கெடைக்கட்டும்யா!"

படத்தின் வில்லன் பட்சிராஜன் பறவையாகி வந்தபோது அப்பத்தா செய்ததுதான் அன்றைக்கு நாங்கள் பார்த்த நிஜமான 3டி. வாழ்க்கையில் பாதியைக் கம்பங்காட்டில் தகரம் தட்டிக் கழித்த பிறவி அது. அவ்வளவு பெரிய பட்சி இறக்கையை விரித்து முகத்துக்கு நேரே வந்ததும் எழுந்து நின்று, "ச்சூ... ஆலோ..." என்று குரல் கொடுத்தது. முன் வரிசையில் ஒரு பாப்கார்ன் டப்பா கவிழ்ந்தது.

திரும்பி வரும் வழியில் காரியாபட்டியில் டீ குடிக்க வேனை நிறுத்தினோம். என்னைக் கேட்டால் அன்றைய படம் அங்கேதான் ஓடியது. ஆளுக்கொரு தீர்ப்பு. அதுவும் அவரவர் தொழில் வாயால்.

சித்தப்பா தறிக்காரர். "முந்தி நல்லாத்தான் விழுந்துருக்கு. சரிகையும் கொறையில்ல. உடல்லதான் இழை அத்து அத்துக் கெடக்கு. பாவு நீளம், ஊடை பத்தல" என்றார். பிறகு டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, 500 கோடிக்கு எத்தனை சேலை நெய்யலாம் என்று விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். அவரை அப்படியே விட்டுவிட்டோம்.

மாமன் கரிமூட்டம் போடுகிறவர். சீமைக்கருவேல விறகை அடுக்கி, மண் பூசித் தீ வைத்து நாள்கணக்கில் காவல் இருக்கிற பிழைப்பு. புகையின் நிறத்தை வைத்தே உள்ளே வெந்ததா இல்லையா என்று சொல்லிவிடுவார். அவர் சொன்னது ஒரே வரி: "புகை நல்லா வந்துச்சு மாப்ள. கரிதான் விழல." பத்திரிகை விமர்சனங்கள் பலவற்றைப் படித்திருக்கிறேன். இதைவிடச் சுருக்கமாக ஒன்று படித்ததில்லை.

எங்களோடு வந்த ஓய்வுபெற்ற அறிவியல் வாத்தியார் கொதித்துப் போயிருந்தார். செத்தவரின் ஆன்மாவும் பறவைகளின் ஆன்மாவும் சேர்ந்து சக்தியாகி, அந்தச் சக்தி செல்போன்களைச் சேர்த்துப் பறவையாகி, அதை எதிர்ச்சக்தியால் அடக்குகிறார்கள் என்பதை அவரால் ஜீரணிக்க முடியவில்லை. "மங்கள்யான் 450 கோடியில செவ்வாய்க்கே போயிருச்சு. இவுக அதைவிட அதிகமாச் செலவழிச்சும் சென்னையைத் தாண்டல. அதுலயும் ஆன்மாவப் பத்தித் திருச்சுழிக்காரனுக்கே கிளாஸ் எடுக்கிறாக!" என்றார். ரமண மகரிஷி 1879-ல் பிறந்தது எங்கள் திருச்சுழியில். அந்த விஷயத்தில் எங்களுக்குக் கொஞ்சம் அகம்பாவம் உண்டு. இருக்கக் கூடாதுதான்.

தம்பி மகன் வேனை விட்டே இறங்கவில்லை. "தலைவரு கடைசி அரை மணி நேரம் மிரட்டிட்டாருல்ல" என்று ஜன்னல் வழியாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் குரலில் தெம்பு இல்லை.

அப்பத்தா மட்டும் வாயே திறக்கவில்லை. "என்ன அப்பத்தா, படம் எப்படி?" என்றேன்.

"அந்தக் குருவிக்காரரை ஏண்டா அடிச்சானுக?"

எல்லோரும் ஒரு நிமிஷம் டீயை மட்டும் பார்த்தோம். அப்பத்தா கேட்டதுதான் கேள்வி. குஞ்சுகளைப் பொத்திப் பொத்தி வளர்க்கும் வயதான மனிதர், செல்போன் டவரால் பறவைகள் சாகின்றன என்று சொல்லிக் கோர்ட், மந்திரி என்று அலைந்து யாரும் காது கொடுக்காமல் டவரிலேயே தூக்கு மாட்டிக்கொள்கிறார். அக்‌ஷய் குமார் அந்த இருபது, இருபத்தைந்து நிமிஷம் வாழ்ந்திருந்தார். நாங்கள் மனசைக் கொடுத்தது அவருக்கு. படமோ அவரைப் போட்டுச் சாத்துவதற்கு ரோபோவை எழுப்புகிறது. கடைசியில் ரோபோவைச் செய்த விஞ்ஞானி வசீகரனே, அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது என்கிறார். அடித்து முடித்த பிறகு! எங்கள் ஊர்ப் பஞ்சாயத்தில் இப்படித் தீர்ப்பு சொன்னால் செருப்பு பறக்கும். இயக்குநர் சங்கர் செலவழித்த கோடிகளில் குறை இல்லை. யாரை அடிக்கிறோம் என்பதில்தான் கோட்டை விட்டார். அன்று காரியாபட்டி டீக்கடையில் 13 பேர் பட்சிராஜன் கட்சி. ஒருவன் வேனுக்குள்.

பட்சிராஜன் சொன்ன விஞ்ஞானம் வேறு விஷயம். படம் வருவதற்கு முன்பே செல்பேசி நிறுவனங்களின் கூட்டமைப்பு தணிக்கை வாரியத்தில் புகார் கொடுத்தது. படத்தை அறிவியல் என்று நம்பிய ஒரே கூட்டம் அவர்கள்தான் என்று நினைக்கிறேன். டவரால்தான் குருவி அழிகிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. 2020-ல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை, நாடு முழுக்கப் பார்த்தால் சிட்டுக்குருவி ஏறக்குறைய நிலையாக இருக்கிறது, பெருநகரங்களில்தான் குறைந்திருக்கிறது என்கிறது.

எங்கள் வீட்டுக் கணக்கைக் கேட்டால், ஓட்டு வீடாக இருந்தவரை தாத்தா படத்துக்குப் பின்னால் குருவிக்கூடு இருந்தது. முற்றத்தில் கம்பு குத்துவார்கள், சிந்துவதைத் தின்னும். ஓட்டைப் பிரித்து கான்கிரீட் போட்டவன் நான். கம்பு குத்துவதை நிறுத்தியது மிக்ஸி. டவர்மேல் பழி போட எங்கள் ஊரில் டவரே கிடையாது.

படம் வசூலில் ஒன்றும் சோடை போகவில்லை. தமிழில் அதிகம் சம்பாதித்த படங்களின் வரிசையில் இன்றும் இருக்கிறது. 14 டிக்கெட் நாங்களும்தானே கொடுத்தோம். பெரியப்பா இப்போதும் 'கலை அரசி'தான் உசத்தி என்கிறார். அதில் ரெட்டை ரெட்டையாகத் தெரியவில்லையாம்.

ஒரே ஒரு பாக்கி. படம் முடிந்து கண்ணாடிகளைத் திருப்பிக் கொடுத்தபோது, ஒரு பக்கத்தை நாங்கள்தான் உடைத்தோம் என்று சொல்லிப் பெரியப்பாவின் டெபாசிட்டைப் பிடித்துக்கொண்டார்கள். ரோசத்தில் கண்ணாடியை அவர் கையோடு கொண்டு வந்துவிட்டார். இன்னும் டிரங்குப் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. அன்றைக்குக் கவுண்டரில் இருந்தவர் யாராவது இதைப் படித்தால், கண்ணாடியைத் தந்துவிடுகிறோம். ஐம்பது ரூபாயைத் திருப்பித் தாருங்கள்.