நிர்குணக் கால்பந்தின் ஸ்தாபகர்களுக்கு ஒரு விண்ணப்பம்

மகா கனம் பொருந்திய அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்தாரின் சமூகத்திற்கு, சென்னைப் பட்டணத்து ரசிகன் ஒருவன் 2025 மார்கழியில் சாஷ்டாங்க நமஸ்காரம் செய்து எழுதிக்கொண்ட விண்ணப்பம். இவ்விடம் யாவரும் க்ஷேமம். தங்கள் க்ஷேமத்துக்கும் குறைவிராது என்று நம்புகிறேன்; ஆட்டமே நடவாத வருஷத்தில், ஆட்டத்தை நடத்துகிறவர்களுக்கு அலைச்சல் ஏது?

சென்ற வாரம் பெரியமேட்டில், நேரு ஸ்டேடியத்துக்குச் சமீபமான ஒரு டீக்கடையில், நீலச் சட்டை தரித்து நின்ற என்னைக் கிளாஸ் கழுவும் பையன் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "என்னா சார், மும்பை இண்டியன்ஸா?" என்று கேட்டான். சென்னைக்காரனைத் திருடன் என்று சொன்னாலும் பொறுத்துக்கொள்வான். இதைப் பொறுக்க மாட்டான். பக்கத்தில் வடை தின்றுகொண்டிருந்த இரண்டு பேர் சற்று நகர்ந்து நின்றார்கள். "இல்லை தம்பி, சென்னையின் எஃப்.சி." என்றேன். பையன் யோசித்தான். "அது கபடி டீம்தானே சார்?" என்றான்.

பையன்மேல் பிழையில்லை. வழக்கமாகச் செப்டம்பர் வாக்கில் உருளத் தொடங்கும், சென்னையின் எஃப்.சி. ஆடும் லீக்கின் பந்து, மார்கழி பிறந்தும் உருளாதிருக்க, கண்ணால் காணாத வஸ்துவை அவன் எங்ஙனம் அறிவான்? இத்தனை காலமும் தங்களை வெறும் நிர்வாகிகள் என்றே எண்ணியிருந்தோமே, தாங்கள் வேதாந்திகள் அல்லவா என்ற ஞானம் எனக்கு அந்த டீக்கடையில்தான் உதயமாயிற்று. பந்து, கோல் கம்பம், புல்தரை, அணிக்குப் பதினொருவர் என்னும் நாமரூபங்களில் சிக்கிக் கிடந்த சகுணக் கால்பந்தை, அட்டவணையும் ஆரவாரமும் அற்ற நிர்குணக் கால்பந்தாக உயர்த்திய பெருமை உலகத்தில் வேறு எந்தச் சம்மேளனத்துக்கு உண்டு?

ஆனால் நாங்கள் பாமரர்கள். நாலு பேர் கூடினால் சகுணத்தையே பேசுகிறோம். 2015-ஐப் பற்றிப் பேசுகிறோம். பட்டியலின் அடியில் கிடந்த எங்கள் அணி கடைசி நான்கு லீக் ஆட்டங்களையும் வரிசையாக வென்று அரையிறுதிக்கு ஏறியதும், அதற்குள் டிசம்பர் வெள்ளம் ஊரை மூழ்கடித்துவிட, சொந்த மண்ணில் நடக்க வேண்டிய அரையிறுதி புனேவுக்குப் போனதும், அங்கே நம்மவர்கள் கொல்கத்தா அணியை மூன்றுக்குப் பூஜ்யம் என்று வீழ்த்தியதும், சேறு கழுவி முடியாத வீடுகளில் ஜனங்கள் அதைக் கண்டு கைதட்டியதும் இன்றைக்கும் எங்களுக்கு வாய்ப்பாடம். டிசம்பர் 20-ஆம் தேதி கோவாவில் இறுதியாட்டம். 87-ஆம் நிமிஷத்தில் கோவா 2-1 என்று முந்தியபோது, என் நண்பர் ஒருவர் டெலிவிஷனை அணைத்துவிட்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டார். 90-ஆம் நிமிஷத்தில் கோவாவின் கோல்கீப்பர் கட்டிமணியின்மேல் பட்ட பந்து அவருடைய வலைக்குள்ளேயே புகுந்ததையும், அடுத்த சில கணங்களில் நம் மென்டோசா வெற்றிக் கோலை அடித்ததையும், அந்த நண்பர் இன்றளவும் பிறர் சொல்லக் கேட்டே அனுபவித்துவருகிறார். தங்கள் சித்தாந்தத்தை எங்களில் முதலில் அனுஷ்டித்தவர் அவர்தான்.

2018-ஐ எடுத்தாலோ கடை சாத்தும்வரை பேச்சு ஓயாது. இதே பெரியமேட்டு மைதானத்தில், ஓட்டப்பாதைக்கு அப்பால் எங்கோ தொலைவில் நாங்கள் கண்ணை இடுக்கிக்கொண்டிருக்க, கூப்பிடு தூரத்து வியாசர்பாடியின் தனபால் கணேஷ் கோவாவுக்கு எதிரான அரையிறுதியில் கோல் அடித்த இரவு, எனக்கு அந்நியரான ஒரு பெரியவர் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். பிறகு இறுதியாட்டத்துக்குப் பெங்களூருக்கே போய், அவர்கள் வீட்டிலேயே, 9-ஆம் நிமிஷத்தில் அவர்களுடைய சேத்ரி கோல் போட்ட பின்னும், நம் மைல்சன் ஆல்வெஸ் இரண்டு கார்னர் பந்துகளைத் தலையால் முட்டி வலைக்குள் தள்ள, 3-2 என்று வாகை சூடினோம்.

இன்னொரு கழகமான சென்னை சிட்டியின் கதையோ தங்களுக்கே உகந்த புராணம். பெயர்தான் சென்னை, 2019 மார்ச்சில் கோயம்புத்தூர் ஜனங்களின் கண்முன்னே, மான்சி என்பவர் அந்தப் பருவத்தில் போட்ட 21 கோல்களின் பலத்தால், ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு புள்ளியில் பின்னுக்குத் தள்ளி ஐ-லீக் மகுடத்தை அணிந்தது. இரண்டு பருவம் கழிந்தது, கழகத்தையே காணோம். மகுடாபிஷேகத்துக்கும் முக்திக்கும் இடையில் இவ்வளவு குறைந்த அவகாசத்தில் எந்த ஜீவனாவது கடைத்தேறியிருக்கிறதா?

இவற்றுக்கெல்லாம் சிகரமாக, லீக்கின் வர்த்தக உரிமைக்குத் தாங்கள் டெண்டர் கோர, நவம்பரில் கெடு முடிந்தபோது ஒருவர்கூட விலை கேட்டிருக்கவில்லை. திரையை விலக்கினால் ஆகாசம். இந்தத் தரிசனத்துக்கு நாங்கள் சிதம்பரம்வரை போக வேண்டியிருந்தது, தாங்கள் அதை டெல்லியிலேயே காட்டிவிட்டீர்கள்.

அந்த உரிமைக்காக 2010-இல் எழுதிய 15 வருஷ ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடியும் என்று கணக்கிட விரல் விட்டு எண்ணத் தெரிந்தால் போதும். ஐயா, இத்தனை வருஷம் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? ஆகஸ்டிலேயே சில கழகங்கள் சம்பளத்தை நிறுத்திவைத்தன. ஆட்டக்காரனுக்குக் கால் ஓடுகிற வருஷங்கள் பத்தோ பன்னிரண்டோ. அதில் ஒன்றை எடுத்துக்கொண்டால் அதை யார் திருப்பித் தருவார்கள்? வாடகை கொடுக்க வேண்டியவனிடம் வழக்கு, கமிட்டி, வாய்தா என்கிறீர்கள். வெட்கமாக இல்லையா?

க்ஷமிக்க வேண்டும். அஞ்ஞானத்தால் குரல் உயர்ந்துவிட்டது. அதே நவம்பரில் டாக்காவில் வங்கதேசத்திடம் நம் தேசிய அணி ஒரு கோலில் தோற்றதற்குக்கூடக் காரணம், மைதானம் என்னும் மாயைக்குள் அவர்கள் இறங்கியதுதான் என்பதை இப்போது உணர்கிறேன். இறங்காதிருந்தால் யார் தோற்கடித்திருக்க முடியும்?

ஆகவே அடியேனின் பிரார்த்தனைகள் சொற்பமே. தங்கள் தவம் எப்போதாவது கலைந்து, அட்டவணை என்று ஒன்று பிரசுரமாகுமாயின், சென்னை ஆட்டங்களை ஞாயிற்றுக்கிழமையில் வையுங்கள். வியாழக்கிழமை இரவு ஏழரை மணி ஆட்டத்துக்கு மாம்பலத்திலிருந்து ஆபீஸ் முடித்து வருவதற்குள் முதல் பாதி போய்விடுகிறது. மொட்டைமாடிக்குப் போன நண்பருக்கு என் பக்கத்து இருக்கையையே ஒதுக்கித் தரும்படி வேண்டுகிறேன்; கடைசி விசில் ஊதும்வரை அவர் சட்டைக் காலரை நான் பிடித்துக்கொள்வேன். டீக்கடைப் பையனுக்கும் ஒரு டிக்கெட். அதற்கு நானே காசு கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் பரம பக்தன்,
நீலச் சட்டைக்காரன் (மும்பை அல்ல)