பிளாட்பாரம் மாறி

அரக்கோணத்தில் அவரோடு வண்டி மாறியவர்களுக்குத் தெரியும். ஒலிபெருக்கி வாயைத் திறக்குமுன்பே, பக்கத்தில் யாரோ கனைத்ததை வைத்து, "வண்டி அந்தப் பக்கம் வருதாம்" என்று மேம்பாலம் ஏறிவிடுவார். வண்டி பெரும்பாலும் இந்தப் பக்கமே வரும்.

தொழிலிலும் அதே ஓட்டம்தான். திருத்தணியில் ஒரு லாட்ஜ், ஒரு கல்யாண மண்டபம், மலையடிவாரத்தில் ஒரு பூஜைச் சாமான் கடை, நகரியில் ஒரு ஜவுளிக்கடை. நாலுக்கும் பில் போடுகிற மென்பொருள் இவருடையது. முதலில் விஷுவல் பேசிக் 6-இல் எழுதினார். 2008 ஏப்ரலில் மைக்ரோசாஃப்ட் அதற்கு ஆதரவை நிறுத்தியது. எழுதி வைத்தது பாட்டுக்கு ஓடிக்கொண்டுதான் இருந்தது. இவருக்குத்தான் தூக்கம் போயிற்று. "நாளைக்கு ஒண்ணுன்னா யாரைப் போய்க் கேக்கறது?"

சில்வர்லைட்டுக்குத் தாவினார். அதற்கு 2021 வரை ஆயுசு இருந்தது. வதந்தி கேட்டே இவர் இறங்கிவிட்டார். அடைக்கலம் புகுந்தது ஃபேஸ்புக் வாங்கிய பார்ஸில். 2017 ஜனவரியில் அந்தக் கடையையே கட்டினார்கள். ஹெரோகுவின் இலவசத் திண்ணையில் படுத்தார், 2022 நவம்பரில் திண்ணையை எடுத்துவிட்டார்கள். ஸாமரின், 2024 மே. ஆமை புகுந்த வீடு, அமீனா புகுந்த வீடு வரிசையில் இவர் புகுந்த பிளாட்பாரத்தையும் சேர்த்துக்கொள்ளலாம்.

திருத்தணியே ஒரு தடவை மாறிய ஊர்தான். ம.பொ.சி. முதலானோர் வருஷக்கணக்கில் போராடி, 1960 ஏப்ரல் 1-இல் ஆந்திராவிலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. வந்த பிறகு நிம்மதியாக உட்கார்ந்துவிட்டது. இவருக்கு அந்தக் கலை கைவரவில்லை. டிசம்பர் 31 இரவு, படித் திருவிழாவில் சனங்கள் திருப்புகழ் பாடி 365 படியும் ஏறும்போது, இவர் மட்டும் 2020-இல் அதே தேதியில் அடோபி ஃப்ளாஷ் கண்மூடியதைச் சொல்லிப் பெருமூச்சு விடுவார். முருகன் கோபம் தணிந்த மலை அது.

போன வாரம் டீக்கடையில், இப்போது தாவியிருக்கும் புது நிறுவனத்தின் மேல் பொரிந்தார். "டிக்கெட் போட்டு மூணு நாள் ஆச்சு சார். 'உங்கள் கோரிக்கை எங்களுக்கு முக்கியம்'னு மெஷின் பதில் போடுது. மனுஷ வாசனையே இல்ல."

சட்டைப் பையில் போன் அடித்தது. லாட்ஜ். பார்த்தார், சத்தத்தைக் குறைத்தார், திரும்பப் பைக்குள் போட்டார். "இவங்களுக்கு வேற வேலையில்ல."

அவர்களுக்கு இருந்த வேலை எனக்குத் தெரியும். கடைசி மாற்றத்தில் எழுத்துரு காலை வாரிவிட்டது. ஆடிக் கிருத்திகையிலிருந்து பில்லில் லாட்ஜ் பெயர் கட்டம் கட்டமாகத்தான் அச்சாகிறது. மேனேஜர் ஒவ்வொரு பில்லிலும் பால்பாயிண்டால் பெயரை எழுதிக் கொடுக்கிறார்.

சாயங்காலம் அந்த மேனேஜரைப் பார்த்தேன். கோபமே இல்லை. கல்லாவைத் தாண்டி எட்டிக் குனிந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அரக்கோணத்துல ஒரு பையன் இருக்கானாம் சார். போன் எடுக்கறானாம்."