வெள்ளைப் புடவைத் தம்பி

மாமல்லபுரம் பக்கத்துச் சவுக்குத் தோப்புகளில் பேய் உண்டோ இல்லையோ, பேய் வேஷம் போடும் தம்பி உண்டு. பகலில் செங்கல்பட்டில் காலேஜ், ராத்திரி பன்னிரண்டுக்கு மேல் ஈசிஆர். அம்மாவின் வெள்ளைப் புடவை, தங்கச்சியின் பவுடர், அரைப் பாட்டில் தக்காளி சாஸ். வீடியோ எடுக்கப் புதருக்குள் ஒரு நண்பன். இருட்டில் தனியாக நிற்கத் தம்பிக்குப் பயம் என்பதால், துணைக்கு இன்னொருவன்.

ஆள் பார்த்துத்தான் பயமுறுத்துவார். ரோந்து ஜீப் வந்தால் பேய் மரத்துக்குப் பின்னால் போய்விடும். நைட் ஷிப்ட் முடித்து ஸ்கூட்டியில் தனியாக வருகிறவர் என்றால் நடுரோட்டுக்கே வரும். ஒரு தடவை சைக்கிளில் வந்த இளநீர்க்காரர் நிதானமாகச் சாக்குக்குள் கையை விட்டு அரிவாளை எடுத்தார். "ஏன்டா, பேய்க்கு எதுக்குடா ஹவாய் செருப்பு?"

சவுக்குக் காய் குத்துமே, பேய் என்ன செய்யும்?

தம்பியின் சட்ட ஞானம் மொத்தமும் ஒரே வரி: "நான் யாரையும் தொடவே இல்லண்ணா!" பாரதிய நியாய சம்ஹிதாவின் 130ஆம் பிரிவு தொடச் சொல்லிக் கேட்கவில்லை. இதோ அடி விழப்போகிறது என்று எதிரில் இருப்பவர் பயப்படுவார் எனத் தெரிந்தே கையை ஓங்கினால் போதும். வெறுமனே ஊளையிட்டால் இதில் வராது. வழியை மறித்தால் அதற்கு 126 தனியாக இருக்கிறது. பெங்களூரு யஷ்வந்த்பூரில் 2019 நவம்பரில் இதே வேஷம் கட்டிய ஏழு பேரின் படப்பிடிப்பு போலீஸ் ஸ்டேஷனில்தான் முடிந்தது.

அரிவாள்காரர் வெட்டியிருந்தால்? 1958இல் ஒடிசாவின் ரஸகோவிந்தபூரில், பாழடைந்த விமானத்தளத்தில், விளக்கருகே அசைந்த உருவங்களைப் பேய் என்று நம்பிக் குக்ரிக் கத்தியை வீசினார் ராம் பகதூர் தாபா. அந்த உருவங்கள் இலுப்பைப் பூ பொறுக்க வந்த பெண்கள். ஒருவர் இறந்தே போனார். தாபா நல்லெண்ணத்தில் ஏமாந்தார் என்று ஒடிசா உயர் நீதிமன்றம் அவர் விடுதலையை உறுதி செய்தது. அந்தப் பெண்கள் வேஷம்கூடப் போடவில்லை! தற்காப்புக்கும் அளவு உண்டு என்பது வேறு விஷயம். புடவையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற பேயைத் துரத்திப் போய் வெட்டினால் 37ஆம் பிரிவு கைவிட்டுவிடும்.

தம்பிக்கென்றே எழுதியது போல இருப்பது 36ஆம் பிரிவின் உதாரணம். தனக்கு உரிமையுள்ள வீட்டுக்குள் ராத்திரியில் நுழைகிறவரைத் திருடன் என்று நம்பி அடித்தால், அடித்தவர் மேல் குற்றமில்லை. அடிபட்டவருக்கும் திருப்பித் தற்காத்துக்கொள்ளும் உரிமை அப்படியே உண்டு. விடியற்காலை மூன்று மணிக்குக் காம்பவுண்டு சுவர் ஏறிக் குதித்த தம்பியை உலக்கையோடு வரவேற்ற அப்பாவிடம் இதை எடுத்துச் சொல்லியிருக்கலாம். அதற்குள் அம்மா எழுந்து வந்து, கல்யாணத்துக்குக் கட்டிப்போக வைத்திருந்த புடவையில் அது என்ன கறை என்று கேட்டுவிட்டார்.