வேஷம் கட்டறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை, பேராண்டி

டேய் பேராண்டி, இங்க வந்து குந்து. கம்பெனி வேலைய உட்டுட்டுக் கலைஞனாவப் போறேன்னு உங்கம்மாகிட்ட சொன்னியாமே. அவ அடுப்பாங்கரையில மூக்கச் சிந்திகினு கீறா. நான் சிந்தல. நம்ம வம்சத்துல ஒருத்தனாவது சோம்பேறித்தனத்துக்கு நல்ல பேரு வச்சானேன்னு எனக்குச் சந்தோசம்தான். தாடி வளத்தாச்சு, ஜிப்பா வாங்கியாச்சு, பேருக்கு முன்னாடி புத்தூருன்னு ஊரையும் ஒட்டிக்கினியாம். அந்த ஒண்ணுலதான் எனக்குச் சந்தேகம். புத்தூருன்னா நாலு மாநிலத்துக்காரனும் எலும்பு ஒடிஞ்சா கட்டுப்போட வர்ற ஊரு. உன் பாட்டைக் கேட்டு ஓடறவன் தடுக்கி உழுந்தா, எங்க போய்க் கட்டுப்போடணும்னு விலாசமும் உன் பேர்லயே இருக்குது. அது வரைக்கும் சவுகரியம்.

ஊர்ப்பேரு ஒட்டிக்கிறதுல நம்ம பழைய சித்தூர் ஜில்லாவுக்குத் தனி வழக்கம் உண்டுடா. சினிமா நடிகரு சித்தூர் நாகையா பொறந்தது குண்டூர் சீமை ரேபல்லேயில, 1904-ல. வளத்தது சித்தூரு. வளத்த கூலிக்கு ஆயுசு பூரா அவர் பேர்ல ஏறிக் குந்திக்கிச்சு. பாட்டு வித்வான் சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை பொறந்தது புங்கனூர்ப் பக்கம். அவர் குரு காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளை, அவர் சிஷ்யர் மதுரை சோமு. காஞ்சிபுரம், சித்தூர், மதுரைன்னு பஸ் போர்டு மாதிரி ஒரு பரம்பரை. அந்த பஸ்ல நடுவுல ஏறின நம்மாளுக்கு 1954-ல சங்கீத கலாநிதிப் பட்டம் குடுத்தாங்க. அப்புறம் மதுராந்தகம் ராஜாராம். பேரைக் கேட்டா செங்கல்பட்டுக்காரர்னு தோணும். மனுசன் நம்ம தாமலசெருவுல வாத்தியார் வேலை பாத்துகினு தெலுங்குல கதை எழுதினவரு. 1993-ல சாகித்திய அகாடமி குடுத்தாங்க. அப்பன் வாங்கினா மாதிரியே புள்ள நரேந்திராவும் 2022-ல அதே பரிசை வாங்கினாரு. நீ என் பேரன். எனக்குக் கிடைச்ச ஒரே பரிசு கூட்டுறவு பேங்க்குல குடுத்த காலண்டரு. அதால பரம்பரைய நம்பி இறங்காதே.

நாகையா கதைய மட்டும் நிதானமாக் கேளு, உனக்கு வேண்டிய பாடம் அதுல கீது. ஆரம்பத்துல சித்தூர் ராமவிலாச சபா மேடையில சாரங்கதரா நாடகம். அதுல இவருக்குச் சித்ராங்கி வேஷம், பொம்பள வேஷம். அங்கேர்ந்து சினிமா. 1941-ல அசோக்குமார்ல பாகவதர் பக்கத்துல அசோகச் சக்கரவர்த்தியா நின்னாரு. 1945-ல மீராவுல எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மாவுக்கு ஜோடியா ராணா. இது ரெண்டும் ராஜா வேஷம், சரி. மத்த வேஷத்துலதான் வினை புடிச்சுது. போதனா, தியாகய்யா, வேமனான்னு வரிசையா துட்டைத் தொடாத மகான்க வேஷமாக் கட்டினாரு. ராத்திரி வேஷத்தைக் கலைச்சாலும் மகான் மட்டும் உள்ளயே தங்கிட்டாரு போல. கேட்டவனுக்கெல்லாம் அள்ளிக் குடுத்தாரு. 1964-ல அவரே துட்டுப் போட்டு, அவரே டைரக்டும் பண்ணி எடுத்த படம் இன்னா தெரியுமா? ராமதாசு. கோயில் கட்டறேன்னு கஜானாவைக் கரைச்சுட்டு ஜெயிலுக்குப் போன பத்ராசலம் ராமதாசர் கதை. அந்தக் கதையப் படிச்ச எந்தப் பைனான்ஸ்காரனும் உஷாராயிருப்பான். இவரு பக்தியாயிட்டாரு. 1965-ல பத்மஸ்ரீ வந்துது. துட்டு வரல. ஒரு காலத்துல தென்னாட்டுலயே பெரிய சம்பளக்காரரு, கடைசிக் காலத்துல சின்னச் சின்ன வேஷத்துக்கும் சரின்னு போனாரு. 1973 டிசம்பர்ல போய்ச் சேர்ந்துட்டாரு. நீ தியாகய்யர் வேஷம் கட்டு, நான் தடுக்கல. பேங்க் பாஸ்புக்கு மட்டும் சினிமாவுல ரங்காராவ் கட்டற பணக்காரர் வேஷத்துல இருக்கட்டும்.

இதுல இன்னொரு வேடிக்கை பாரு. சித்தூர் நாகையாவுக்குச் சிலை மெட்ராஸ்ல, பனகல் பார்க்குல. மதுரையில பொறந்த எம்.எஸ். அம்மாவுக்குச் சிலை நம்ம திருப்பதியில. தேவஸ்தானம் கேட்டு அந்தம்மா பாடிக்குடுத்த அன்னமய்யா பாட்டுக்கு ஊர் காட்டின நன்றி, குத்தம் சொல்லல. ஆனா ராணாவும் மீராவும் ஊர் மாறி நிக்கறாங்க பாத்தியா? உனக்குச் சிலை வேணும்னா இப்பவே வேலூர்ப் பக்கம் ஒரு ரூம் பாத்துக்கோ. உள்ளூர்க்காரன் பெரிய ஆளுன்னு ஒத்துக்கிறதுக்கு நம்ம சனத்துக்கு நெஞ்சு கொஞ்சம் வலிக்கும். வெளியூராளுன்னா மாலையோட நிப்பாங்க. 1919-ல தாகூர் மதனப்பள்ளிக்கு வந்தாரு. அங்க காலேஜ் பிரின்சிபாலு அயர்லாந்துக் கவிஞரு கசின்ஸு. அவர் சம்சாரம் மார்கரெட்டம்மா உக்காந்து ஜனகணமனவுக்கு ஸ்வரம் எழுதினாங்க. தாகூர் அதை அங்கயே இங்கிலீஷ்ல பெயர்த்தாரு. வங்காளத்தான் பாட்டு, அயர்லாந்துக்காரி ஸ்வரம், ஊரு நம்முது. நம்மாளு இன்னா பண்ணான்னு கேக்காதே. எவனாவது காப்பி போட்டுக் குடுத்திருப்பான்.

நேத்து செல்போனை நீட்டி, 'தாத்தா, என் ரீல்சுக்கு நாப்பது லைக்குதான்'னு அழுவாத கொறையா சொன்னியே. அந்தக் காலத்து அன்னமய்யா ஏழுமலையான் மேல 32,000 பாட்டு பாடினாருன்னு சொல்றாங்க. அவர் வம்சத்தாரு அதைத் தாமிரத்தகட்டுல வெட்டித் திருமலைக் கோயிலுக்குள்ள ஒரு கல் அறையில அடுக்கி வச்சாங்க. அறை எங்க இருக்குது தெரியுமா? உண்டியலுக்கு எதிர்ல. எத்தினி கோடி சனம் உண்டியல்ல துட்டைப் போட்டுட்டுத் திரும்பியிருக்கும், ஒருத்தனும் எதிர்ப்பக்கம் இன்னான்னு கேக்கல. தகடெல்லாம் வெளிய வந்து படிச்சது போன நூத்தாண்டு 1920-கள்லதான். நானூறு வருஷத்துக்கு ஒரு லைக்கும் கிடையாது. உனக்கு நாப்பது வந்துகீது, அதுல பதினொண்ணு உங்க அத்தை வீட்டு ஆளுங்க போட்டது.

அந்தப் பாட்டுங்களுக்கு ராகம் போட்டவங்கள்ல ஒருத்தரு ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா. தேவஸ்தானம் அவருக்கு ஆஸ்தான வித்வான் மரியாதை பண்ணது 1979 மார்ச் 11-ஆம் தேதி. மனுசன் கண்ண மூடினதும் அதே நாளு. நம்ம பக்கத்துல விருது வர்ற வேகம் இதான். எவனாவது உனக்கு விருது குடுக்கறேன்னு வந்தா, மொதல்ல டாக்டர்கிட்ட போய் பிபி பாத்துட்டு அப்புறம் சரின்னு சொல்லு.

படம் வரையலாமான்னு ஒரு யோசனை இருந்துதே உனக்கு? காளஹஸ்தி கலம்காரி? போய்ப் பாத்துட்டு வா. துணிய கடுக்காயும் எருமைப்பாலும் கலந்ததுல ஊறவச்சு வெயில்ல காயப்போடணும். கறுப்பு மை வேணும்னா துருப்புடிச்ச இரும்பையும் வெல்லத்தையும் தண்ணியில போட்டு மூடிவச்சு நாள்கணக்கா புளிக்க உடணும். மூங்கில் குச்சியில கம்பளி நூலைச் சுத்தின கலம், அதாலதான் கோடு. சாயம் புடிக்கப் படிகாரம், அப்புறம் அலசல், அப்புறம் காய்ச்சல். ஓடற தண்ணியில அலசணும், அதுக்கு ஸ்வர்ணமுகி ஆத்துல தண்ணி ஓடணும், அது வேற கதை. குர்ரப்ப செட்டி அப்பன்கிட்ட இதைக் கத்துக்கினு வாழ்நாள் பூரா வரைஞ்சாரு. எழுவது வயசு தாண்டினப்புறம், 2008-ல பத்மஸ்ரீ வந்துது. நீ நூடுல்சுக்கே ரெண்டு நிமிசம் பொறுக்காதவன். தவிர, எருமைப்பாலைத் துணிக்கு ஊத்தினா உங்கம்மா உன்னையே ஊறப்போட்டுடுவா.

எழுத்துன்னா? எழுத்துக்கு எருமைப்பால் செலவு இல்ல, வெறும் எருமை இருந்தாப் போதும். நாமினி சுப்பிரமணியம் நாயுடுவைப் பாரு. திருப்பதி பக்கத்துல மிட்டூருன்னு ஒரு கிராமம். அம்மா, மாடு கண்ணு, வயக்காடு, ஊர்ச்சண்டை, இதையெல்லாம் நம்ம ஜில்லா சனம் வாய்ல பேசற தெலுங்குலயே எழுதினாரு. ஓவியர் பாபு அதுக்குப் படம் வரைஞ்சாரு. தெலுங்குன்னா கிருஷ்ணா கரைத் தெலுங்குதான்னு நெனச்சிகினு இருந்த பெரிய மனுசங்க முழிச்சாங்க. 'மிட்டூரோடி கதலு'ன்னு ஒரு புத்தகம். அப்புறம் தன்னைப் பத்தி எழுதினதுக்கு 'நெம்பர் ஒன் புடிங்கி'ன்னு தானே பேரு வச்சிக்கினாரு. ஊர்ல அடுத்தவன் வைக்கிற பட்டத்தை அவன் வைக்கிறதுக்கு முன்னாடி தானே வச்சிக்கிற சாமர்த்தியம் இருக்குதே, அதுக்கு நான் என் துண்டை இறக்கிக் கும்புடுவேன். ஆனா நீ எழுதறதா இருந்தா ஒண்ணு சொல்லிப்புடறேன். உங்க சித்தப்பன் கல்யாணத்துல நடந்தது, உங்க பெரியப்பன் நெலத்துக் கேஸு, இது ரெண்டையும் நான் கண்ண மூடின அப்புறம் எழுது. வயசான காலத்துல சமாதானம் பேசப் போறதுக்கு எனக்குத் தெம்பில்ல.

கடைசியில வேஷம். நம்ம ஊர்க் கலைக்கெல்லாம் ஆத்தா அதுதான். வேற ஊர்ல ஆம்பள சேலை கட்டினாச் சிரிப்பாங்க. திருப்பதியில மே மாசம் தாத்தய்யகுண்ட கங்கம்மா ஜாத்திரையில கட்டினா வழி உட்டுக் கும்புடுவாங்க. பைராகி, பண்டா, தோட்டி, தொர, மாதங்கின்னு நாளுக்கு ஒரு வேஷம் வகுத்து வச்சிருக்குது. ஊர்ப் பொண்ணுங்களக் கெடுத்துகினு இருந்த பாளையக்காரன் கங்கம்மாவுக்குப் பயந்து ஒளிஞ்சிகினான், ஆத்தா நாளுக்கொரு வேஷம் போட்டுத் தேடி, கடைசியா தொர வேஷத்துல வந்தப்ப, யாரோ பெரிய மனுசன் வந்திருக்கான்னு வெளிய தலைய நீட்டினான், தலை போச்சு. இதான் கதை. அத்தினி வேஷத்துக்கு மசியாதவன் பெரிய மனுசன் வேஷத்துக்கு மசிஞ்சான் பாரு, அதுக்கே அந்தக் கதைய எழுதினவனுக்கு ஒரு அகாடமி குடுக்கலாம். வேஷக்காரன் தெருவுல போற யாரையும் வாய்க்கு வந்தபடி வையலாம், வசவு வாங்கினவன் பிரசாதம் வாங்கினா மாதிரி பல்ல இளிச்சிகினு போவான். 2024 டிசம்பர்ல புஷ்பா ரெண்டாம் பாகத்துல அல்லு அர்ஜுன் தாடியோட சேலை கட்டி ஆடினாரே, அது இந்த ஜாத்திரையோட வாடைதான். தேசமே கைதட்டுச்சு. நீ தாடியோட கட்டினா உங்க அத்தை கைதட்ட மாட்டா, 'அது என் கல்யாணப் புடவையாச்சே'ன்னு தொரத்துவா.

ஜாத்திரை ஒரு வாரத்துல முடிஞ்சுபுடும், வேஷத்தைக் கலைச்சுட்டு எல்லாரும் கடைக்கோ ஆபீசுக்கோ போயிடுவாங்க. கலைக்காமலே டெல்லி வரைக்கும் போனவரு ஒருத்தர்தான், நம்ம சித்தூர் எம்.பி.யா இருந்த டாக்டர் சிவப்பிரசாத். திருப்பதி மெடிக்கல் காலேஜுல படிச்ச டாக்டரு. ஊசி போட்டுகினு நிம்மதியா இருந்திருக்கலாம். நாடகம், சினிமான்னு போனாரு. 1991-ல 'பிரேம தபஸு'ன்னு படம் டைரக்ட் பண்ணாரு, ரோஜாவுக்கு அதான் மொத படம். மறு வருஷம் செம்பருத்தி வந்து தமிழ்நாடே அந்தப் பொண்ணை எடுத்துக்கிச்சு. அப்புறம் அந்தம்மா 2014-ல நம்ம நகரிக்கு எம்.எல்.ஏ., இவர் சித்தூருக்கு எம்.பி. சினிமாவுல ஆக்‌ஷன் சொன்னவரு ஒரு கட்சி, அதைக் கேட்டு நடிச்சவங்க எதிர்க்கட்சி. நடுவுல 'டேஞ்சர்' படத்துக்கு நல்ல வில்லன்னு இவருக்கு நந்தி விருதும் குடுத்தாங்க. அரசியல்வாதிக்கு வில்லன் பரிசை அரசாங்கமே குடுத்தது அந்த ஒரு தரம்தான்னு ஊர்ல சிரிச்சாங்க.

2018-ல ஆந்திராவுக்குத் தனி அந்தஸ்து வேணும்னு டெல்லியில கலாட்டா. மத்த எம்.பி.ங்க அட்டையப் புடிச்சிகினு கத்தினாங்க. நம்மாளு ஒரு நாளு பார்லிமெண்டு வாசல்ல தம்பூராவோட நாரதரா நின்னாரு. இன்னொரு நாளு ஹிட்லரு. ஒரு நாளு பள்ளிக்கூடப் புள்ள, ஒரு நாளு சேலை கட்டின பொம்பள. டெல்லிக்காரனுக்கு அது கூத்து, பத்திரிகைக்காரனுக்குப் போட்டோ. திருப்பதிக்காரனுக்குத்தான் விசயம் வெளங்கிச்சு: ஆத்தா பாளையக்காரனைத் தேடினா மாதிரி இவரும் தேடறாருடா, நாளுக்கொரு வேஷத்துல. என்ன, கதையில பாளையக்காரன் வெளிய வந்தான். டெல்லியில ஒருத்தனும் தலைய நீட்டல, அந்தஸ்தும் வரல. 2019 எலெக்‌ஷன்ல தோத்தாரு, அதே செப்டம்பர்ல மெட்ராஸ் ஆஸ்பத்திரியில காலமாயிட்டாரு. அப்ப பேப்பருங்கள்ல அவரு மீட்டிங்குல பேசினது ஒண்ணையும் காணோம், கட்டின வேஷத்தைத்தான் ஒண்ணு உடாம அடுக்கியிருந்தான். நானும் பாத்தேன். ஹிட்லர் மீசை மட்டும் கொஞ்சம் சாஞ்சிருந்தா மாதிரி எனக்குப் பட்டுது, மத்தபடி குறை சொல்ல முடியாது.

அதால, கம்பெனிக்கு ராஜினாமா கடிதாசை தீபாவளி போனஸு கைக்கு வந்தப்புறம் குடு. மே மாசம் ஜாத்திரைக்குப் போ, மொத வேஷம் அங்க கட்டு, வையறதுன்னா நெஞ்சு நெறைய வை. சேலைய மட்டும் நகரி தறிக்காரன்கிட்ட ரொக்கம் குடுத்து வாங்கு, கலைஞன்னு சொல்லிக் கடன் கேக்காதே. பஸ்ல எனக்கும் ஒரு சீட்டு போட்டு வை. வரிசையில எனக்கு எடமில்லன்னாலும் பரவால்ல, நாரதர் வேஷம் போதும். அதுக்கு வேண்டியது வாய் ஒண்ணுதான், அதை நான் வாடகைக்கு எடுக்க வேண்டியதில்ல.